திரையும் பண்பாடும்: ஓர் இணைப்படிப்பைக் குறித்து

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அரபி இலக்கணம் பயின்ற அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு காகிதக் கட்டுடன் வந்தார். அவருடைய மகள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் விரும்பும் படிப்பின் பெயரைத் தமிழில் ‘திரை ஊடகமும் பண்பாட்டாய்வும்’ எனலாம். இரு துறைகளைப் பாதிக்குப் பாதியாகச் சேர்த்து, மூன்றாண்டு முடிவில் ஒரே பட்டமாக வழங்கும் இணைப்படிப்பு அது. “ஹஜ்ரத், படம் பார்ப்பதற்கும் பட்டம் தருகிறார்களாமே! இதையும் கல்வி என்று சொல்லிக்கொள்ள முடியுமா? நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். “வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, ஓதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். ஓதிப் பார்த்தேன். அந்தக் காகிதங்கள் சுட்டிய நூல்களையும் ஓரளவு தேடிப் படித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அன்பரின் ஏளனம் அவருக்கு மட்டும் உரியதன்று. 2003ஆம் ஆண்டு பிரிட்டனின் உயர்கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் ஹாட்ஜ், சில பட்டப்படிப்புகளை ‘மிக்கி மவுஸ்’ படிப்புகள் என்று இகழ்ந்தார். ஊடகப் படிப்புகளை நையாண்டி செய்வோர்க்கு அச்சொல் கைவசமாயிற்று. ஒரு துறையை எள்ளி நகையாடுவது எளிது. அத்துறை எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று கேட்டுவிட்டு நகையாடுவதே முறை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மதரஸாவில் வளர்ந்தவனுக்கு இந்தப் பழக்கம் போகாது. ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’ என்ற சொல் நிலத்தை உழுது பயிரிடுவதைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘பண்பாடு’ என்னும்போதும் பண்படுத்திய நிலமே நினைவுக்கு வருகிறது. அரபியில் ‘ஸகாஃபத்’ என்பதன் வேரோ வளைந்த ஈட்டியை நிமிர்த்துவதைக் குறிப்பது. ஆங்கிலேயனும் தமிழனும் வயலில் நிற்க, அரபி பாலையில் ஈட்டியுடன் நிற்கிறான்! இனித் ‘திரை’. மறைப்பதற்கும் திரை, காட்டுவதற்கும் திரை. ‘திரையிட்டான்’ என்றால் மூடினான் என்றும் பொருள், படத்தை ஓட்டினான் என்றும் பொருள். எட்வர்ட் ஸயீத் 1981இல் அமெரிக்கச் செய்தி ஊடகங்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் ‘கவரிங்’ என்ற சொல்லை இதே இரட்டைப் பொருளில் வைத்தார்: செய்தி சேகரித்தலும் அதுவே, போர்த்தி மறைத்தலும் அதுவே. இந்தப் படிப்பின் முழுப் பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பண்பாட்டாய்வு என்ற துறை பல்கலைக்கழக மாடத்தில் பிறக்கவில்லை. பகலெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்த வகுப்புகளில் பிறந்தது. ரிச்சர்ட் ஹோகார்ட் லீட்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த அநாதைச் சிறுவர். 1946 முதல் ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பில் வயது வந்தோர்க்குப் பாடம் சொன்னவர். ரேமண்ட் வில்லியம்ஸ் வேல்ஸ் நாட்டு எல்லைச் சிற்றூர் ஒன்றில் இரயில்வே சைகையாளரின் மகனாகப் பிறந்தவர். அவரும் 1946 முதல் பதினைந்து ஆண்டுகள் ஆக்ஸ்ஃபோர்டு சார்பில் மாலை வகுப்புகளே நடத்தினார். ஸ்டூவர்ட் ஹால் 1951இல் ஜமைக்காவிலிருந்து கல்வி உதவி பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தவர். பின்னர் இலண்டன் பள்ளிகளில் ஆசிரியராகவும் 1961 முதல் செல்சீ கல்லூரியில் திரைப்படமும் வெகுசன ஊடகமும் கற்பிப்பவராகவும் இருந்தார்.

இந்த மூவர் முன்னும் அமர்ந்தவர்கள் வேலையை முடித்து வந்த பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். அவர்களுக்குக் கவிதையும் நாவலும் மட்டும் கற்பித்துவிட்டு, அன்றாடம் அவர்கள் கண்டு களிக்கும் சினிமாவைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அது நேர்மையாகாது. அந்த நெருக்கடியில்தான் பாடம் விரிந்தது. ஹோகார்ட் 1957இல் ‘தி யூஸஸ் ஆஃப் லிட்டரஸி’ என்ற நூலை எழுதினார். 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தற்காலப் பண்பாட்டாய்வு மையத்தைத் தொடங்கினார்; பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் பொருளுதவி செய்தார். அதே 1964இல் ஹாலும், பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் கல்வி அலுவலர் பேடி வான்னலும் சேர்ந்து ‘தி பாப்புலர் ஆர்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டனர். மக்கள் கலை அனைத்தும் கீழானது என்ற மேட்டிமையை அந்நூல் ஏற்கவில்லை. அனைத்தும் ஒன்றே என்ற சோம்பலையும் ஏற்கவில்லை. சினிமாவுக்குள்ளேயே நல்லதையும் போலியையும் பிரித்தறியப் பழக்க வேண்டும் என்பதே அதன் கட்சி.

இந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திரையும் பண்பாட்டாய்வும் பல்கலைக்கழக அலுவலகம் வசதிக்காக ஒட்டிவைத்த இரு துண்டுகள் அல்ல. ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே வகுப்பறைகளிலிருந்து, ஒன்றாகப் பிறந்தவை. பிறகுதான் பிரிந்தன. எனவே இணைப்படிப்பு ஒன்றை மதிப்பிட விரும்புவோர் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பிரிவு அங்கே ஆற்றப்பட்டிருக்கிறதா, மூடி மறைக்கப்பட்டிருக்கிறதா என்பதே.

ஹோகார்ட் மீதே எனக்கு ஒரு குறை உண்டு. தாயின் அடுப்படியையும் தொழிலாளர் மன்றத்துப் பாட்டையும் அவர் உள்ளிருந்து எழுதினார். அப்பக்கங்கள் இன்றும் கனிந்திருக்கின்றன. ஆனால் பால் விடுதியில் இசைப்பெட்டியைச் சுற்றி நின்ற இளைஞர்களை அவர் தெருவின் மறுபக்கத்திலிருந்தே பார்த்தார். அவர்கள் கேட்ட இசையை உட்கார்ந்து கேட்கவில்லை. அவர்களிடம் ஒரு சொல் பேசியதாகவும் தெரியவில்லை. தம் இளமையை நேசித்த மனம் பிறர் இளமையைக் கடிந்துகொண்டது. நம்மிடையே இல்லாத குறையா என்ன?

வில்லியம்ஸ் வேறு விதம். 1968 முதல் நான்காண்டுகள் ‘தி லிசனர்’ இதழில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதியவர். கப்பலில் ஒரு வாரம் பயணம் செய்து மயாமி நகரில் இறங்கிய இரவு, விடுதியறையில் ஒரு படத்தைப் பார்க்கிறார். நடுவே விளம்பரம் வருகிறது. பின்னர் வரவிருக்கும் வேறு படங்களின் துண்டுகள் வருகின்றன. எது எந்தப் படம் என்றே அவருக்குப் புரியவில்லை. நாமாக இருந்தால் பயண அலுப்பு என்று படுத்துறங்கியிருப்போம். அவர் அந்தக் குழப்பத்தையே ஆராய்ந்தார். தொலைக்காட்சி தருவது தனித்தனி நிகழ்ச்சிகளை அன்று, இடையறாத ஓர் ஒழுக்கை என்று 1974இல் வெளிவந்த ‘டெலிவிஷன்’ நூலில் நிறுவினார். கருவியை மட்டும் பார்த்தவனுக்கும் இது தோன்றாது, சமூகத்தை மட்டும் பார்த்தவனுக்கும் தோன்றாது. ஒழுக்கு திரையில் இருக்கிறது. அதை அப்படி ஓடவிடும் தேவை வாணிகத்தில் இருக்கிறது.

படிப்பின் ‘திரை’ப் பாதியில் முதலாண்டு மாணவர்க்குத் தரும் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று நான்கு நிமிடம் ஓடும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை ஷாட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, கேமரா எங்கே நிற்கிறது, ஒளி எப்பக்கம், ஒலியில் எது முன், எது பின் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். கருத்துச் சொல்வது பிறகுதான். முக்தஸருல் மஆனி ஓதியவர்களுக்கு இது புதிதாகப்படாது. பொருள் தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் ‘நள்மு’ என்ற அமைப்பில் இருக்கிறது என்று ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் வாதிட்டார். ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் செய்ததாகத் திரைப்பட நூல்கள் கூறும் சோதனையும் அதுவே: நடிகர் ஒருவரின் மாறாத முகத்தைச் சூப்புக் கிண்ணத்தின் அருகில் வைத்தால் பசி தெரிகிறது, சவப்பெட்டியின் அருகில் வைத்தால் துயரம் தெரிகிறது. முகம் அதே முகம். கோப்புதான் வேறு. இருவருக்கும் எட்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. ஒருவரை மற்றவர் அறிந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கவனித்துப் படிக்கும் பழக்கம் எங்கும் ஒன்றே என்று மட்டும் சொல்கிறேன்.

கோளாறு இரண்டாமாண்டில் தொடங்குகிறது. கோட்பாட்டு நூல்கள் வந்து குவிகின்றன. ‘ஸ்கிரீன்’ என்ற ஆய்விதழில் 1975இல் லாரா மல்வி எழுதிய கட்டுரை அவற்றுள் தலையாயது. ஹாலிவுட் படங்களில் கேமராவின் பார்வை, பாத்திரங்களின் பார்வை, அரங்கில் இருப்போரின் பார்வை ஆகிய மூன்றும் ஆண் பார்க்கவும் பெண் பார்க்கப்படவும் ஏற்றவாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் காட்டினார். ஹிட்ச்காக்கின் படங்களை ஊன்றிப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தார். அவரைப் படிக்கும் மாணவர்களுள் பலரோ ‘பார்வை’ என்ற கலைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தைக் கீழே வைத்துவிடுகின்றனர். இத்துறையின் ஆய்வேடுகள் சிலவற்றைப் படித்தேன். ‘மேலாதிக்கம்’ என்ற சொல் பக்கந்தோறும் வருகிறது. ஒரு ஷாட்டின் வர்ணனை முப்பது பக்கத்துக்கு ஒருமுறைகூட வருவதில்லை. மத்தனைத் திறவாமல் ஹாஷியாவுக்கு ஹாஷியா எழுதிய பழைய மாணவர்களை நாம் அறிவோமன்றோ? அதே நோய்தான், வேறு ஊரில்.

மல்வியின் கட்டுரையிலேயே ஓர் இடைவெளி இருந்தது. அவர் கூறிய பார்வையாளர் படத்தின் அமைப்பிலிருந்து ஊகித்துப் பெற்றவர். அரங்கில் சீட்டு வாங்கி அமர்ந்த பெண் அல்லர். 1981இல் அவரே தம் கட்டுரைக்கு ஒரு பின்சிந்தனை எழுதினார். 1992இல் பெல் ஹூக்ஸ், திரையில் தம்மைக் காணாத கறுப்பினப் பெண்கள் எதிர்த்து நின்று பார்க்கும் பார்வையைப் பற்றி எழுதினார். ஒரு கட்டுரை எழுப்பிய வினாவை மற்றொரு கட்டுரை சென்று தீண்டும் இந்த அழகு கலைச்சொல்லை மனனம் செய்வோர்க்குக் கிட்டாது.

திரையும் மக்களும் உண்மையாகவே இணைந்த ஆய்வுக்கு ஒன்றை மட்டும் காட்டு என்றால், பர்மிங்காம் மையத்தின் ‘நேஷன்வைட்’ ஆய்வையே காட்டுவேன். அது பி.பி.சி. 1969 முதல் 1983 வரை வாரநாட்களில் மாலைச் செய்திக்குப் பின் ஒளிபரப்பிய நிகழ்ச்சி. வேடிக்கைச் செய்தியும் ஊர்ச் செய்தியும் கலந்தது. அதை ஆராயத்தக்கது என்று யாரும் எண்ணியிரார். சார்லட் பிரன்ஸ்டனும் டேவிட் மார்லியும் அதை எடுத்துக்கொண்டனர். 1978இல் வந்த முதல் நூல் நிகழ்ச்சியை மட்டும் ஆராய்ந்தது. தொகுப்பாளர் எவ்வாறு பேசுகிறார், ‘நாம்’ என்று யாரைச் சேர்த்துக்கொள்கிறார், வேலைநிறுத்தமும் வரியும் எவ்வாறு ஒரு குடும்பத்தின் வீட்டுக் கவலையாக உருமாறுகின்றன என்று சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டியது.

1980இல் மார்லி எழுதிய இரண்டாம் நூல் மறுகரைக்குச் சென்றது. ஹால் 1973இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: செய்தியை அனுப்புவோர் ஒரு பொருளைக் கட்டி அனுப்புகின்றனர், பெறுவோர் அதை அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி ஏற்கலாம், எதிர்த்தும் பொருள் கொள்ளலாம். மார்லி அதைச் சோதித்தார். இருபத்தொன்பது குழுக்களுக்கு நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார். வங்கி மேலாளர்கள் நிகழ்ச்சி சொன்ன பொருளைக் கண்டுகொள்ளவே இல்லை. அது அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. சொன்ன விதம் மட்டமானது என்று மட்டும் குறைப்பட்டனர். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் பொருளையே எதிர்த்தனர். தொழில் பழகும் இளைஞர்கள், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளாயினும், பெரும்பாலும் நிகழ்ச்சியின் பக்கமே சாய்ந்தனர். கறுப்பின மாணவர்கள் ஏற்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒதுங்கினர். வர்க்கத்தைச் சொன்னால் கருத்தைச் சொல்லிவிடலாம் என்றிருந்த சூத்திரம் உடைந்தது. அதை உடைத்தது அதே முகாமைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வு என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

மார்லி அங்கும் நிற்கவில்லை. வகுப்பறையில் போட்டுக் காட்டினேனே, மக்கள் தொலைக்காட்சி பார்ப்பது வீட்டிலன்றோ என்று தம்மையே திருத்திக்கொண்டு, இலண்டனின் தென்பகுதியில் பதினெட்டுக் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றார். 1986இல் வந்த அந்நூலில் நிகழ்ச்சிகளைவிட வீடே பெரிதாகத் தெரிகிறது. அலைவரிசை மாற்றும் கருவி பெரும்பாலும் தந்தையின் கையில். அவர் வாய் பேசாமல் பார்க்கிறார். தாயோ வேலையினூடே, பேச்சினூடே, பாதிக் கண்ணால் பார்க்கிறாள். மல்வி ஊகித்த பார்வையாளரை இந்தப் பாதிக் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே நம்மைத் தொடும் செய்தி ஒன்று. திரைப்படம் நம்மை இழிவுபடுத்துகிறது என்று நம்மவர்கள் குரலெழுப்புவது புதிதன்று. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஜாக் ஷாஹீன் 2001இல் வெளியிட்ட நூலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஹாலிவுட் படங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் அரபிகளை நல்லவராகக் காட்டுபவை ஏறத்தாழ பன்னிரண்டே என்று கண்டார். அயராத உழைப்பு, யாரும் மறுக்க முடியாத சான்று. ஆனால் எண்ணிக்கை தொடக்கமே. டிஸ்னி நிறுவனத்தின் ‘அலாதீன்’ 1992இல் வந்தது. தொடக்கப் பாட்டின் ஓர் அடி, முகம் பிடிக்காதவனின் காதை அறுக்கும் நாடு என்று அரபு நிலத்தை வருணித்தது. அமெரிக்க அரபிகள் முறையிட்டனர். 1993இல் வீடியோவாக வெளிவந்தபோது அந்த அடி மாற்றப்பட்டது. வெற்றி என்று பலரும் எண்ணினர்.

காதைத் தீட்டிக் கேட்டால் வேறொன்று தெரியும். அப்படத்தில் நாயகனும் நாயகியும் அமெரிக்க இளைஞரின் உச்சரிப்பில் பேசுகின்றனர். காவலனும் கடைக்காரனும் கொச்சையான அயல் உச்சரிப்பில் பேசுகின்றனர். ஒரே நகரத்து மக்கள்! நல்லவன் நம்மவன்போல் பேசுவான், தீயவன் அந்நியன்போல் பேசுவான் என்ற பாடம் குழந்தையின் காதில் ஒலியாக இறங்கிவிட்டது. பாட்டின் சொல்லை மாற்றியதால் அது மாறவில்லை. முறையீட்டுக் கடிதம் எழுதுவோர் சொல்லைக் கண்டனர், குரலைக் கேட்கவில்லை. குரலைக் கேட்கப் பழக்குவது திரைப் பாதி. அக்குரல் ஏன் அவ்வாறு பங்கிடப்பட்டது என்று கேட்கப் பழக்குவது பண்பாட்டுப் பாதி. படத்தைப் பாராமலே கண்டனத் தீர்மானம் எழுதும் நம் வழக்கத்துக்கு இவ்விரண்டும் மருந்து. கசப்பான மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இப்படிப் பழகிய காது நம்முடைய மேடைப் பேச்சுகளையும் அதே கூர்மையோடு கேட்கும்.

பர்மிங்காம் மையத்தின் முடிவு வருத்தத்துக்குரியது. ஸ்டென்சில் வெட்டி உருட்டிய கட்டுரைப் பிரதிகளால் உலகெங்கும் பெயர் பெற்ற இடம் அது. பின்னாளில் அது ஒரு துறையாகி இளங்கலை மாணவர்களையும் சேர்த்தது. 2001ஆம் ஆண்டு ஆராய்ச்சி மதிப்பீட்டில் புள்ளி குறைந்ததைக் காரணங்காட்டிப் பல்கலைக்கழகம் 2002இல் அத்துறையை மூடிவிட்டது. ஹாலும் ஹோகார்ட்டும் 2014ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளியில் மறைந்தனர்.

அதைவிட வருந்தத்தக்க முரண் கட்டணத்தில் இருக்கிறது. மாலை வகுப்புத் தொழிலாளிக்காகப் பிறந்த பாடம் இது. இங்கிலாந்தில் 1998 வரை உள்நாட்டு மாணவர் பட்டப்படிப்புக்குக் கட்டணமே செலுத்தியதில்லை. 2012இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுன் ஆயிற்று, 2017இல் 9,250, 2025இல் 9,535. வெளிநாட்டு மாணவர்க்கு அந்த வரம்பும் கிடையாது. ஹல் நகரத்து மாலை வகுப்பில் அமர்ந்த ஆலைத் தொழிலாளி இன்று வந்தால் வாயிற்படியிலேயே நின்றுவிடுவார். உழைப்போர் பண்பாட்டைப் பற்றிக் கடன் வாங்கிப் படிக்கும் இந்த நிலையை அத்துறையின் ஆய்வுக் கட்டுரைகள் போதிய அளவு பேசுவதாக எனக்குப் படவில்லை.

அன்பர் ஒரு வாரம் கழித்து வந்தார். “ஹஜ்ரத், என்ன முடிவு?” என்றார். படிப்பில் பிழையில்லை என்றேன். வேலையைப் பற்றி உறுதி சொல்ல என்னால் இயலாது என்றும் சொன்னேன். பாடத்திட்டத்தை விரித்துக் காட்டினேன். திரைத் துறையின் பாடங்கள் ஒரு பக்கம். பண்பாட்டாய்வுப் பாடங்கள் மறுபக்கம். இரண்டையும் வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு கட்டடங்களில் நடத்துகின்றனர். மூன்றாமாண்டில் எழுத வேண்டிய ஆய்வேட்டைத் தவிர இரண்டும் சந்திக்கும் இடம் அந்தக் காகிதத்தில் தென்படவில்லை. அப்படியானால் மார்லி செய்த வேலையை அந்தப் பெண் தனியாகவே செய்ய வேண்டியிருக்கும்.

ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தேன்: இரு துறை ஆசிரியர்களும் மாணவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்க்கும் வகுப்பு எத்தனை? “இதை மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள் தம்பி” என்றேன். அவர் அதை இருமுறை படித்தார். “பதில் வந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், ஹஜ்ரத்” என்று சொல்லிக் கட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.